பாய்லருக்குள் படியும் வெள்ளைக்கல்

சேலத்தில் வெந்நீர் அண்டாவின் உட்புறத்தை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக ஓடு ஓடாகப் பெயர்ந்து வரும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூடேறியதும் கரையாத கார்பனேட்டாகி அடியில் ஒட்டிக்கொள்கின்றன. மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லும் மெக்னீசியம் கார்பனேட்தான். இதற்கு நெருங்கிய உறவு. 170 டன் எடையுள்ள ஒரு சரக்கு ரயில் நீராவி இன்ஜினின் ஆயுளைத் தின்றதும் இந்த ஓடுதான்.

அந்த இன்ஜின் டபிள்யூ.ஜி. வகை. அகலப்பாதையில் கூட்ஸ் வண்டி இழுப்பதற்கென்றே 1950 முதல் 1970 வரை 2,450 இன்ஜின்கள் செய்தார்கள். மேற்கு வங்கத்தில் ரயில் இன்ஜின் செய்யும் சித்தரஞ்சன் தொழிற்சாலையிலிருந்து முதலில் வெளிவந்தது இந்த வகைதான். அங்கே கடைசியாக உருவான அகலப்பாதை நீராவி இன்ஜின் 'அந்திம் சிதாரா'வும் இதே வகை.

பாய்லரில் நீராவி அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 14.8 கிலோ. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 200 டிகிரி ஆக வேண்டும். பிஸ்டனின் விட்டம் 55 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பெருக்கிப் பார்த்தால் ஒரு பிஸ்டன் மீது 35 டன் விசை! பயணிகள் வண்டி இழுத்த டபிள்யூ.பி. இன்ஜினுக்கு 1.70 மீட்டர் சக்கரம், இதற்கு 1.56 மீட்டர்தான். சக்கரம் சிறுத்தால் வேகம் குறையும், இழுவை கூடும். வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கி வழியாகப் பீய்ச்சுவார்கள். அது போகிற வேகத்தில் அடுப்புக்குள் காற்றை இழுத்துவிடும். அதனால் இன்ஜின் எவ்வளவு திணறுகிறதோ, அடுப்பும் அவ்வளவு சீறி எரியும். இத்தனை எளிமையான ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்புதான்.

சூரமங்கலத்தில் எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். ஜோலார்பேட்டை இன்ஜின் ஷெட்டில், அடுப்புக்குக் கரி தள்ளும் ஃபயர்மேனாக இருந்தவர். சேலத்திலிருந்து டேனிஷ்பேட்டை, லோக்கூர் என்று சேர்வராயன் மலையடியில் ஏறும் பாதையைப் பற்றி ஒருநாள் சொன்னார்: "ஏத்தத்துல பயமில்ல கண்ணு. ஏத்தம் முடியுற எடத்துலதான் கண்ணாடிய விட்டுக் கண்ண எடுக்கக் கூடாது."

கண்ணாடி என்றது பாய்லரின் நீர்மட்டம் காட்டும் குழாயை. அடுப்பு இருப்பது பாய்லரின் பின்பக்கம். ஏறும்போது தண்ணீர் பின்னால் சாய்ந்து அடுப்பின் கூரையை மூடிக்கொள்ளும். உச்சி தாண்டி மூக்கு கீழே இறங்கியதும் தண்ணீர் முன்னால் ஓடிவிடும். கூரை வெறுமையானால் இரும்பு சிவந்து இளகும், பாய்லரே வெடிக்கலாம். அதற்காகவே கூரையில் ஈயம் அடைத்த திருகு ஒன்று வைத்திருப்பார்கள். தண்ணீர் வற்றினால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும்.

வெள்ளை ஓடு செய்வதும் இதே கேடுதான், மெதுவாக. சூடு தண்ணீருக்குப் போகாமல் ஓடு தடுக்கும், இரும்பு அளவுக்கு மீறிக் காயும், குழாய்கள் கசியும். ஷெட்டில் குறித்த நாளில் பாய்லரை ஆறவைத்து, அடைப்பான்களைக் கழற்றி, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவார்கள். வாஷ் அவுட் என்று பெயர். அவசரப்பட்டுக் குளிர்ந்த தண்ணீரை விட்டால் இரும்பு சீராகச் சுருங்காமல் விரிசல் விடும்.

இன்று காட்சிக்கு நிற்கும் இன்ஜினுக்கும் சிக்கல் அங்கேதான். வருஷா வருஷம் கறுப்புப் பெயின்ட் பளபளக்கும்; உள்ளே மிஞ்சிய ஈரமும் வண்டலும் இரும்பை அரிக்கும். மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் முதலில் பாய்லரைத் தண்ணீரால் நிரப்பி, ஓடும்போது இருப்பதைவிடக் கூடுதல் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். தண்ணீர் அமுங்காது, ஓட்டை இருந்தால் ஒழுகுவதோடு நிற்கும், வெடிக்காது.

ஓர் ஊரில் அப்படி நிறுத்தி வைத்திருந்த இன்ஜினுக்குத் தாத்தாவை ஒருமுறை அழைத்துப் போனேன். எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பின்பக்கம் போய்க் குனிந்து, அடுப்புச் சுவரின் அடிமூலையை விரல் முட்டியால் தட்டினார். கழுவாவிட்டால் வண்டல் வந்து தேங்குகிற இடம் அது. இன்னொரு மூலையையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். விரலில் ஒட்டிய துருவை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "வாஷ் அவுட் பண்ணாமலே நிறுத்திட்டாங்க கண்ணு" என்றார்.