சிறு பீர் ஆலை: வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

சிறிய அளவில் பீர் ஆலை தொடங்க நினைத்து ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர், அதற்குள் இடத்துக்கு முன்பணம் கொடுத்து, தொட்டிகளுக்கும் ஆர்டர் போட்டிருப்பார்கள். உரிமத்தைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. உரிம விண்ணப்பங்களையே தொழிலாகப் பார்க்கும் எனக்கு, அதிகம் பணம் கரைவது இந்த வரிசையில்தான் என்று தெரியும். உரிமம் வரும்வரை ஒரு பாட்டில்கூட விற்க முடியாது. வாடகை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும்.

காரணம் எளிது. பீர் தயாரிக்கும் அனுமதி ஆளுக்கு மட்டும் கிடைப்பதில்லை. இந்த ஆள், இந்தக் கட்டடம், இந்தத் தொட்டிகள் என்று சேர்த்துத்தான் கொடுப்பார்கள். எங்கே காய்ச்சுவீர்கள், எங்கே நொதிக்க வைப்பீர்கள், வரி கட்டாத சரக்கு எங்கே இருக்கும், விற்கும் பகுதி எங்கே பிரிகிறது என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். இடம் மாறினால் பெரும்பாலான வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் முதலில் மது, புகையிலை வரியைக் கவனிக்கும் டிடிபி எனப்படும் மத்திய அமைப்பிடம் ‘ப்ரூவர்ஸ் நோட்டீஸ்’ என்ற பீர் தயாரிப்பு அனுமதியைப் பெற வேண்டும். அதற்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஆனால் அது கையில் இருந்தாலும் மாநில உரிமமும் உள்ளூர் அனுமதியும் தனித்தனி. பிரிட்டனில் 2025 முதல் எல்லா வகை மது உற்பத்திக்கும் எச்எம்ஆர்சி என்ற வரித்துறையிடம் ஒரே ஒப்புதல் முறை. இந்தியாவில் மது மாநிலப் பட்டியலில் இருப்பதால் ஒரு மாநிலத்து விதியை வைத்து அடுத்த மாநிலத்தைக் கணிக்க முடியாது. பீகாரிலும் குஜராத்திலும் மதுவிலக்கே இருக்கிறது.

சரி, இடத்துக்கு வருவோம். அந்த நிலத்தில் உற்பத்தித் தொழிலுக்கு அனுமதி உண்டா, பள்ளி, வழிபாட்டுத் தலத்திலிருந்து தூரக் கட்டுப்பாடு உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கே ஏற்கெனவே மதுக்கூடம் நடந்தது என்பது போதாது. விற்பது வேறு, தயாரிப்பது வேறு. ஒப்பந்தத்தில் ஒரு வரி அவசியம்: உரிமம் மறுக்கப்பட்டால் குத்தகை ரத்தாகி முன்பணம் திரும்ப வர வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாத உரிமையாளரின் இடத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடச் சொல்வேன்.

அப்புறம் கழிவுநீர். சிறிய ஆலைகளில் ஒரு லிட்டர் பீருக்கு நான்கு முதல் ஏழு லிட்டர் தண்ணீர் செலவாவது சாதாரணம். மிச்சத்தில் பெரும்பகுதி ஈஸ்ட்டோடும் சர்க்கரையோடும் தொட்டி கழுவிய காரத்தோடும் வடிகாலுக்குப் போகும். வீட்டுச் சாக்கடை நீரைவிட இதில் அழுகும் கரிமப் பொருள் பல மடங்கு. சுத்திகரிக்காமல் விட அனுமதி கிடைக்காத ஊர்களில் அந்தச் செலவே திட்டத்தைப் புரட்டிவிடும். நொதிக்கும்போது வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. தரைமட்டத்தில் தேங்கி உயிரைப் பறிக்கும். காற்றோட்டத்தையும் வாயு எச்சரிக்கைக் கருவியையும் ஆய்வாளருக்காக அல்லாமல் உங்கள் தொழிலாளிக்காக வையுங்கள்.

வீட்டில் காய்ச்சிப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க மத்திய சட்டப்படி வயதுவந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை சொந்த உபயோகத்துக்கு வரியின்றிக் காய்ச்சலாம். அதில் ஒரு பாட்டிலைக்கூட விற்கக் கூடாது. நண்பர்களிடம் ‘செலவுக்கு மட்டும்’ வாங்கும் காசும் விற்பனைதான்.

கணக்குப் புத்தகத்தில்தான் நல்ல ஆலைகளும் சறுக்குகின்றன. அமெரிக்காவில் ஆண்டுக்கு இருபது லட்சம் பேரலுக்கு மிகாமல் தயாரிப்பவர்களுக்கு முதல் 60,000 பேரலுக்கு, பேரலுக்கு 3.50 டாலர்தான் கலால் வரி. ஒரு பேரல் சுமார் 117 லிட்டர். பிரிட்டனிலும் 2023 ஆகஸ்ட் முதல் சிறு உற்பத்தியாளர் சலுகை உண்டு. ஆனால் எந்தச் சலுகையும் பதிவேட்டை நம்பித்தான் நிற்கிறது. எவ்வளவு மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) உள்ளே வந்தது, எவ்வளவு பீர் இறங்கியது, கெட்டுப்போய்க் கொட்டியது எவ்வளவு என்று அன்றன்றே எழுத வேண்டும். கொட்டியதற்குச் சான்று இல்லையென்றால் அது வெளியே போனதாகக் கருதி வரி கேட்க இடமிருக்கிறது.

லேபிளில் ஆல்கஹால் அளவையும் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 5.5 சதவீதம் வரையுள்ள பீருக்கு அரை சதவீதப் புள்ளி வித்தியாசம் வரை பொறுப்பார்கள், அமெரிக்காவில் 0.3 தான். பெயரை அச்சடிக்கும் முன் வணிகச் சின்னப் பதிவேட்டில் பீர் இடம்பெறும் 32ஆம் வகுப்பில் அதே பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கூட்டாளிகள் அனைவரின் பெயரும், பணம் வந்த வழியும் விண்ணப்பத்தில் இருக்கட்டும். பின்னால் ஒரு தொட்டி கூட்டினாலோ, பங்குதாரர் மாறினாலோ, வேலையைத் தொடங்கும் முன்பே அதே அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஒப்புதல் தேவையென்றால் அதைக் கையில் வாங்கிவிடுங்கள்.