இணையர் வன்முறை: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் ‘இன்டிமேட் பார்ட்னர் வயலன்ஸ்’ என வழங்கும் தொடருக்குத் தமிழில் இன்னும் ஒரே சொல் நிலைபெறவில்லை. பெரும்பாலோர் ‘குடும்ப வன்முறை’ என்றே எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. மணத்தாலோ காதலாலோ இணைந்திருக்கும், அல்லது முன்பு இணைந்திருந்த இருவரில் ஒருவர் மற்றவருக்கு இழைக்கும் உடல், பாலியல், மனத் துன்பங்களையும், பணம், நடமாட்டம், நட்பு ஆகியவற்றைத் தன் பிடியில் வைத்துக்கொள்ளும் அடக்குமுறையையும் இத்தொடர் குறிக்கிறது. மணமுறிவுக்குப் பிறகும் பின்தொடர்ந்து மிரட்டும் முன்னாள் கணவர் இதில் அடங்குவார். மருமகளைச் சுடுசொல்லால் வதைக்கும் மாமியார் அடங்கமாட்டார்.

இத்தொடரின் மூன்று சொற்களுக்கும் வேர் லத்தீன். ‘இன்டிமுஸ்’ என்றால் மிக உள்ளே இருப்பது. நம்முடைய ‘அகம்’ அதற்கு வெகு அருகில் நிற்கிறது. ‘பார்ட்னர்’ என்பதோ பங்கிடுதல் என்னும் பொருளில் பிறந்து, சொத்தில் பங்குடையவரைக் குறித்த ‘பார்சனர்’ வழியாக வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் பங்குடையவரைக் குறிக்கும் ‘கோபார்சனர்’ இதன் உடன்பிறப்பு. ஆகவே வேரைப் பிடித்துப் பெயர்த்தால் ‘பங்காளி’ என்றுதான் வரும். ‘நெருங்கிய பங்காளி வன்முறை’ என்று எழுதிப் பாருங்கள். வாய்க்கால் வரப்புச் சண்டை என்றே நம் ஊரில் எவரும் எண்ணுவார்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1999இல் இத்தொடருக்குச் சீரான வரையறை வகுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் வெளியிட்ட வன்முறை பற்றிய அறிக்கையிலும் இதற்குத் தனி இடம் இருந்தது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உடல், பாலியல், சொல்லும் உணர்வும் சார்ந்தது, பொருளாதாரம் என நால்வகைக் கொடுமைகளைக் கூறுகிறது. அது கணவரின் உறவினரையும் தொடுவதால் அங்கே ‘குடும்ப’ என்னும் அடைமொழி பொருத்தமே. இலங்கைத் தமிழில் ‘வீட்டு வன்முறை’ என்ற வழக்கும் உண்டு.

வன்முறை என்பது வன்மை, முறை இரண்டும் சேர்ந்த சொல். அடித்தால்தான் வன்முறை என்று நினைப்பவர்கள் குறளின் ‘வன்சொல்’லை (99) நினைவில் கொள்ளலாம், நாவால் செய்வதற்கும் அதே ‘வன்’தான்.

இதன் பரவலை அளப்பவர்கள் சொல்லின் சிக்கலை நன்கு அறிந்தவர்கள். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் ‘உங்களுக்கு வன்முறை நடந்ததா’ என்று பொதுவாகக் கேட்பதில்லை. அறைந்தாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, உதைத்தாரா, கழுத்தை நெரித்தாரா எனச் செயல் செயலாகக் கேட்கிறார்கள். 2019-21 கணக்கெடுப்பில், மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவரின் வன்முறையைச் சந்தித்தோர் இந்திய அளவில் 29.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38.1 விழுக்காடு. இலங்கையின் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஐந்தில் ஒரு பெண் என்கிறது. உலக அளவில், துணையோடு வாழ்ந்த 15-49 வயதுப் பெண்களில் 27 விழுக்காட்டினர் என உலக சுகாதார நிறுவனம் 2021இல் மதிப்பிட்டது. அதன் 2013ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இவ்வாறு துன்புற்ற பெண்களில் 42 விழுக்காட்டினர் காயமடைந்தவர்கள். மனச்சோர்வு வரும் வாய்ப்பு இவர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு. ஆண்களும் ஒருபால் இணையர்களும் இதற்கு ஆளாவதுண்டு. ஆங்கிலத் தொடர் பால் காட்டாமல் நிற்பது இதனால்தான்.

நம் அன்றாட வழக்கோ செய்தவரை மறைப்பதில் தேர்ந்தது. அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் கணவர் பெரும்பாலும் ‘தெரிந்த நபர்’ ஆகிவிடுகிறார்; படியில் வழுக்கி விழுந்ததாகப் பெண்ணே சொல்லிவிட்டால் அந்த நபரும் இல்லை. நாளிதழுக்கு அது ‘குடும்பத் தகராறு’. இந்தத் ‘தகராறு’ இந்துஸ்தானி வழியே வந்த அரபுச் சொல். மூலத்தில் ‘திரும்பத் திரும்ப நிகழ்வது’ என்று பொருள். சொல்லுக்குத் தெரிந்தது எழுதுபவருக்குத் தெரியவில்லை.

நிகரான தமிழ்ச் சொல்லாக ‘துணைவர் வன்முறை’, ‘வாழ்க்கைத்துணை வன்முறை’ ஆகியவற்றைச் சிலர் ஆள்கிறார்கள். இருட்டில் ‘துணைக்கு வா’ என்று அழைக்கும் மொழியில், துணை என்றாலே காப்பு. அந்த முரண் கவிதைக்கு உதவலாம், கலைச்சொல்லுக்கு உதவாது. ‘வாழ்க்கைத்துணை’ மணமாகாத காதலரையும் பிரிந்தவரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. ‘இணை’ என்பது சமமாகச் சேர்ந்த இரண்டைச் சுட்டும் சொல். அதில் மணமும் காதலும் அடங்கும், பால் வேறுபாடும் இல்லை. ஆகவே ‘இணையர் வன்முறை’ என்பதே என் தேர்வு. ‘நெருங்கிய’ என்ற அடைமொழி மிகை.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ‘இணையர்’ பன்மையாகவும் ஒலிப்பதால் இருவரும் அடித்துக்கொண்டார்கள் என்ற மயக்கம் எழலாம். எனவே ஆய்விலும் சட்டத்திலும் இதைக் கலைச்சொல்லாக ஆண்டாலும், ஒரு தனி நிகழ்வை எழுதும்போது ‘கணவர் தாக்கினார்’, ‘முன்னாள் காதலர் மிரட்டினார்’ என்று எழுவாயோடு எழுதுவதே சரியான தமிழ்.