கூடு இல்லாமல் விற்ற கார்

1920களில் லண்டனில் ரோல்ஸ் ராய்ஸ் வாங்கப் போனவருக்குக் கம்பெனி முழுக் காரைக் கொடுக்காது. இன்ஜின், கியர்பாக்ஸ், நான்கு சக்கரம், முன்னால் அந்தப் பெயர்பெற்ற ரேடியேட்டர், இவற்றைத் தாங்கும் எஃகுச் சட்டம், அவ்வளவுதான். கதவும் கூரையும் கிடையாது. கரூருக்குப் பாடி கட்டப் போகிற பஸ் சேசிஸை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர் வெட்டவெளியில் உட்கார்ந்து ஓட்டிப் போவார். ஏறக்குறைய அதே கதைதான்.

பாடி கட்டுவது வேறு ஆட்களின் தொழில். பார்க்கர், ஹூப்பர் எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் குதிரை வண்டி செய்தவர்கள். நம் மவுண்ட் ரோட்டு சிம்சனும் 1840இல் அப்படித்தான் தொடங்கியது. வாங்குகிறவர் என்ன கேட்டாலும் செய்து தருவார்கள். அர்மான் எஸ்தர் என்ற பிரெஞ்சு ஆயத்த ஆடைத் தொழிலதிபர், 12.7 லிட்டர் இன்ஜின் கொண்ட புகாட்டி ராயலை 1932இல் வாங்கினார். இரவில் ஓட்டப்போவதில்லை என்று சொல்லி, ஹெட்லைட்டே வேண்டாம் என்றுவிட்டார்!

சரி, எப்படிக் கட்டினார்கள்? முதலில் மரச்சட்டம். இங்கிலாந்தில் அதற்கு ஆஷ் மரம்தான். கிரிக்கெட் ஸ்டம்பு செய்கிற மரம். ஆவியில் வைத்தால் வளையும், அடி தாங்கும். அதன்மேல் அலுமினியத் தகடு. தகட்டைக் குழாய் மாதிரி ஒரே பக்கம் வளைப்பது சுலபம். மட்கார்டோ இரண்டு திசையிலும் வளைய வேண்டும், சுருக்கமும் விழக்கூடாது. அதற்கென்று ஓர் உருளைப் பொறி உண்டு: மேலே தட்டையான பெரிய சக்கரம், கீழே பீப்பாய் போலப் புடைத்த சின்னச் சக்கரம். நடுவே தகட்டை வைத்து முன்னும் பின்னும் இழுப்பார்கள். நசுங்குகிற இடத்தில் தகடு மெலிந்து பரப்பு கூடும். ஓரமோ பழைய அளவிலேயே நிற்கும். கூடின பரப்புக்குப் போக இடமில்லாமல் நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும். எங்கே எத்தனை முறை இழுப்பது என்பது முழுக்கக் கைப்பழக்கம்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் ஒரு தலைவலி தீரவில்லை. கார் ஓட ஓடக் கிறீச் கிறீச் என்று சத்தம் வரும். காரணம் கீழே இருக்கிற சேசிஸ். ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி, ஓரத்தை ஒட்டாமல் இரு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதாக முறுகும். ஓரத்தை ஒட்டிவிட்டு முறுக்குங்கள்; மல்லுக்கட்டும். சேசிஸின் நீளச் சட்டங்கள் ஒரு பக்கம் திறந்தவை, ஒட்டாத குழாய் ரகம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலே மொத்தமும் முறுகும். மேலே இருக்கும் மர மூட்டுகள் ஒன்றோடொன்று உரசும்.

சேசிஸ் முறுகினால் முறுகட்டும், பாடியும் கூடவே நெளியட்டும் என்று விட்டுவிட்டார் ஷார்ல் வேமான். 1911இல் கார்டன் பென்னட் விமானப் பந்தயத்தில் ஜெயித்தவர். 1920களின் தொடக்கத்தில் பாரிசில் அவர் செய்த பாடியில் மரமும் மரமும் தொடாது. நடுவே சிறு இடைவெளி. இரண்டையும் எஃகுப் பட்டைகள் பிடித்திருக்கும். மேலே தகட்டுக்குப் பதில் தோல் போன்ற துணி, அடியில் பஞ்சு. எடை குறைவு, சத்தமும் இல்லை. இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த வேலை இதுதான். ஆனால் துணி பளபளக்காது, சீக்கிரம் நைந்தும் போகும். பணக்காரர்களுக்கு அலுத்துவிட்டது.

கடைசியில் தீர்வு ஒட்டிய குழாயில்தான் இருந்தது. எஃகுத் தகடுகளைச் சேர்த்து வெல்ட் வைத்து, பாடியையே மூடிய பெட்டியாக்கினால் முறுக்கை அதுவே தாங்கும்; தனிச் சேசிஸ் தேவையில்லை. ரோல்ஸ் ராய்ஸ் 1965இல் சில்வர் ஷேடோவை அப்படித்தான் செய்தது. அந்தக் காரில் இஷ்டத்துக்குக் கூரையை வெட்டினால் ஒட்டிய குழாயைத் திரும்பக் கீறின மாதிரி. பாடி கட்டுகிறவருக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. 1805இல் தொடங்கிய ஹூப்பர் அதுவரைகூடக் காத்திருக்கவில்லை; 1959இலேயே பாடி கட்டுவதை நிறுத்திவிட்டது.