ஸ்கேனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் காப்பீட்டு அட்டையைக் காட்டுங்கள்

பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கும் ஓர் அம்மாள், கை மரத்துப்போகிறது என்ற கணவரை வேலூருக்கு அழைத்து வந்தார். மருத்துவர் எம்.ஆர்.ஐ. எழுதினார். கம்மலை அடகு வைத்த பணத்தைக் கட்டி ரசீது வாங்கிய பிறகுதான் அவர் பையிலிருந்து முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்தார். "முன்னாடியே காட்டணும்மா, இப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு, கவுன்டரில் இருந்தவர் அடுத்தவரைக் கூப்பிட்டார். அட்டை அங்கே ஏற்கப்படும் என்ற பலகை அவருக்குப் பின்னால்தான் இருந்தது. பாதியைத் தினசரிக் காலண்டர் மறைத்திருந்தது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பணமில்லாச் சிகிச்சைக்கானது. கட்டிய பணத்தைத் திருப்பித் தருவதற்கானது அன்று. 2018-இல் மத்திய அரசின் திட்டத்துடன் இணைக்கப்பட்ட பிறகு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் பாதுகாப்பு உண்டு. சிகிச்சைகளோடு குறிப்பிட்ட சில பரிசோதனைகளும் பட்டியலில் உள்ளன. ஆனால் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது: மருத்துவமனையோ ஸ்கேன் மையமோ திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும், பரிசோதனைக்கு முன்பே காப்பீட்டுத் தரப்பின் அனுமதியும் பெற்றிருக்க வேண்டும்.

அனுமதி பெரும்பாலும் சிக்குவது மருத்துவர் தரும் சீட்டில்தான். முதுகு வலி என்று மட்டும் எழுதி எம்.ஆர்.ஐ. கேட்டால், எக்ஸ்ரே எடுத்தீர்களா என்ற கேள்வி வரும். அதில் நியாயமும் உண்டு. எலும்பு முறிவுக்கும் நெஞ்சுச் சளிக்கும் எக்ஸ்ரே போதும். பித்தப்பைக் கல்லுக்கும் கர்ப்பிணிக்கும் கதிர்வீச்சே இல்லாத அல்ட்ராசவுண்டுதான் முதலில். தலையில் அடிபட்டவருக்கும் திடீரென ஒரு பக்கம் கை கால் விழுந்தவருக்கும், மூளையில் இரத்தக் கசிவு இருக்கிறதா என்பதைச் சில நிமிடங்களில் காட்டும் சி.டி. வேண்டும். தண்டுவடம், நரம்பு, மூட்டுச் சவ்வு என்றால்தான் அரை மணிக்கும் மேல் அசையாமல் படுத்திருக்க வேண்டிய எம்.ஆர்.ஐ. ஆகவே நோய், எத்தனை நாளாக இருக்கிறது, முன்பு என்ன பார்த்தார்கள் என்பதையெல்லாம் சீட்டில் எழுதித் தருமாறு மருத்துவரிடமே கேளுங்கள். சாயமருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. என்றால் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை முடிவையும் கையோடு கொண்டு போங்கள். அது இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

அட்டை இல்லாதவர்களின் அலைச்சல் தனிக்கதை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் வேலூர் சத்துவாச்சாரியிலுள்ள கலெக்டர் அலுவலகத்தின் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு நடக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அந்தச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர் எப்போது வருவார் என்று விசாரித்து, அவர் வந்த நாளில் இணையம் வேலை செய்யவில்லை என்று திரும்பி, கூலி போன நாட்களை எந்தப் படிவமும் கேட்பதில்லை. நோய் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள்.

அதிகம் பேர் மாட்டுவது ரேஷன் அட்டைப் பெயரில். கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் மருமகளின் பெயர் தாய்வீட்டு அட்டையிலேயே இருந்தால், புகுந்த வீட்டுக் காப்பீட்டில் அவர் இல்லை. ஆதாரில் ஓர் இனிஷியல், ரேஷன் அட்டையில் வேறொன்று என்றாலும் கவுன்டரில் நிற்க வைப்பார்கள். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் புதிய பதிவுக்குத் தங்கள் மாவட்டக் கலெக்டர் அலுவலகத்துக்கே போக வேண்டும். பழைய பழக்கத்தில் சத்துவாச்சாரிக்கு வந்து பஸ் காசைத் தொலைக்காதீர்கள்.

அட்டையே இல்லையென்றாலும் தனியார் மையத்துக்குப் போகும் முன் வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் சி.டி.க்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்ற அளவில்தான் அடிப்படைக் கட்டணம், சாயமருந்துக்குத் தனி.

திட்டத்தின் கீழ் அறுவைச் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டவரிடம், ஸ்கேன் மட்டும் வெளியே எடுத்து வாருங்கள், பணத்தை நீங்களே கட்டுங்கள் என்று சொல்வது விதிமீறல். அந்தச் சிகிச்சைக்கு வேண்டிய பரிசோதனைச் செலவும் மருத்துவமனைக்குத் திட்டம் மொத்தமாகத் தரும் தொகுப்புத் தொகைக்குள்ளேயே வருகிறது. கேட்டவரின் பெயர், நேரம், தொகை மூன்றையும் குறித்துக்கொண்டு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அங்கிருந்தபடியே புகார் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்ச் சொன்னால், ரசீது எங்கே என்பார்கள். அந்த மாதிரிப் பணத்துக்கு ரசீது தரவும் மாட்டார்கள்.

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு இவை எதுவும் பொருந்தாது. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டையோ வருமானச் சான்றோ கேட்கக் கூடாது.

ஸ்கேன் முடிந்ததும் ஃபிலிமையும் அறிக்கையையும் வாங்காமல் நகராதீர்கள். கோப்பிலேயே இருக்கட்டும் என்று மருத்துவமனை வைத்துக்கொண்டால் எழுத்து மூலம் கேளுங்கள். நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக விதி. அவை கையில் இல்லாமல் அடுத்த மருத்துவரிடம் போனால் அதே ஸ்கேனை மறுபடி எழுதுவார், ஒரு முறை எடுத்தாகிவிட்டதே என்று இரண்டாம் அனுமதியும் இழுக்கும்.