அபின்: சொல்லும் பொருளும்

அபின் (அபினி எனவும் வழங்கும்): கசகசாச் செடியின் முதிராத காயைக் கீறினால் வடியும் பால், காற்றுப்பட்டு உறைந்து பழுப்பு நிறப் பிசினாகத் திரண்ட பொருள்.

கிரேக்கத்தில் 'ஓப்பியன்' என்பது செடியின் சாற்றைக் குறித்தது. அது அரபியில் 'அஃப்யூன்' ஆகி, இந்தியில் 'அஃபீம்' என்றும் தமிழில் 'அபின்' என்றும் உருமாறியது. பாம்பின் நுரை எனப் பொருள்படும் 'அஹிபேனம்' என்னும் வடசொல், வந்து சேர்ந்த ஒலிக்கு ஏற்பப் பின்னர் புனையப்பட்டதாகவே தோன்றுகிறது. நேரான தமிழ் வழக்கை விரும்புவோர் 'கசகசாப் பால்' எனலாம். கசகசா என்பதும் பாரசீக, அரபு வழி வந்த சொல்லே. எனினும் நம் சமையலறையில் நெடுங்காலம் புழங்கிய அச்சொல், எச்செடியின் எப்பகுதி என்பதை உடனே உணர்த்திவிடுகிறது. (குருமாவில் அரைத்துச் சேர்க்கும் விதை போதை தருவதில்லை, ஆயினும் பால் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கசகசாவைக் கொண்டுசெல்லத் தடை உண்டு.)

அபினிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளர் செர்டர்னர் பிரித்தெடுத்த வேதிப்பொருள், கிரேக்கரின் கனவுத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரால் 'மார்பின்' எனப்பட்டது. அதை மாற்றியமைத்து 1874இல் இலண்டனில் உருவாக்கப்பட்ட பொருளை, 1898இல் பேயர் நிறுவனம் 'ஹெராயின்' என்று பெயரிட்டு இருமல் மருந்தாக விற்றது. மார்பினைவிடத் தீங்கு குறைந்தது என்று நம்பி மருத்துவர்களே அதைப் பரிந்துரைத்தார்கள் என்பது மிகவும் வருந்தத்தக்கது.

இவையெல்லாம் மூளையிலும் குடலிலும் உள்ள, வலியுணர்வைத் தணிக்கும் அதே ஏற்பிகளில்தான் (வேதிப்பொருள் வந்து ஒட்டும் உயிரணுப் பகுதிகளில்) சென்று படிகின்றன. ஆகவே வலி நீங்குகிறது, இதமான மயக்கம் வருகிறது, கண்மணி சுருங்குகிறது, மலம் கட்டுகிறது. நாளடைவில் உடல் பழகிப்போய், அதே விளைவுக்குக் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. நிறுத்தினாலோ உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியவை வாட்டுகின்றன. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மூச்சடக்கம்: அளவு மிகும்போது மூச்சை இயக்கும் மூளைத்தண்டு மந்தமாகி, உறங்குபவர் உறக்கத்திலேயே மூச்சற்றுப் போகிறார். மதுவோ தூக்க மாத்திரையோ உடன் சேர்ந்தால் இந்த ஆபத்து பன்மடங்காகும். சில காலம் விட்டிருந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுத்தால், பழக்கத்தால் வந்த தாங்குதிறன் அதற்குள் குறைந்திருப்பதால் அந்த அளவே அவரைக் கொன்றுவிடலாம்.

தமிழக நகரங்களில் இன்று 'அபின்' என்ற சொல் அரிதாகவே காதில் விழுகிறது. ஆனால் டேபென்டடால் போன்ற வலிநிவாரணி மாத்திரைகளைக் கரைத்து நரம்பில் ஏற்றும் இளைஞர்களும் அதே ஏற்பிகளைத்தான் தூண்டுகிறார்கள். ஊசியைப் பகிர்வதால் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சிக் கிருமிகளும் பரவுகின்றன. மூச்சு நின்றுபோகும் நிலையில் நலோக்சோன் ஊசி அபினின் பிடியைச் சில நிமிடங்களில் விலக்கும். பழக்கத்திலிருந்து மீள, மருத்துவர் கண்காணிப்பில் தரப்படும் புப்ரெனார்பின் போன்ற மருந்துகள் உண்டு.