கடைமடைக்குப் பாட்டு வரவில்லை

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மச்சினன் போன் செய்தான். திருப்பூர் பக்கம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிற சின்ன யூனிட் அவனுடையது. ஓவர்லாக், ஃபிளாட்லாக் எல்லாம் சேர்த்துப் பதினெட்டு மிஷின். ஓரத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. சரக்கோடு அனுப்பும் சலான் அடிக்கவும் பாட்டுப் போடவும் அதுதான். இரண்டில் எது முக்கியம் என்று தைக்கிறவர்களைக் கேட்டால் யோசிக்காமல் பாட்டு என்பார்கள்.

“மாமா, நெட்டு இருக்குதுங். போன்ல பாட்டு பாடுது. கம்ப்யூட்டர்ல மட்டும் பாட மாட்டீங்குது. ரவுட்டரை மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேனுங்.”

“திரையில என்ன எழுதியிருக்குது மாப்ள?”

“இணைப்பு இல்லை, இணையத்தைச் சரிபார்க்கவும்னு போட்டிருக்குதுங். லாக் அவுட் பண்ணிப் பார்த்தேன். இப்ப உள்ளயே உட மாட்டீங்குது.”

இந்த வாசகத்தை நம்பி ரவுட்டரைப் போட்டு வதைக்காதவர்கள் குறைவு. எங்கே அறுந்தாலும் பாட்டுச் செயலி இதே வாக்கியத்தைத்தான் சொல்லும். வயிற்று வலி என்று மட்டும் சொல்லத் தெரிந்த குழந்தை மாதிரி.

பவானிசாகர் அணையிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடுகிறது. கடைமடைக்காரருக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அவர் நேராக அணைக்குப் போய் நிற்கமாட்டார். முதலில் தன் வயல் மடையைப் பார்ப்பார். பிறகு கிளை வாய்க்கால், மதகு என்று மேலே நடப்பார். எந்த இடம் வரைக்கும் தண்ணீர் இருக்கிறதோ, அதற்குக் கீழேதான் அடைப்பு. பாட்டு வரும் வழியிலும் இதே மாதிரிதான் நடக்க வேண்டும்.

நடக்கும் முன் ஒன்று. இணைப்பு அறுந்த நொடியும் பாட்டு நிற்கும் நொடியும் ஒன்றல்ல. குறுந்தட்டில் இருக்கும் இசைக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் தேவை. அதைச் சுருக்கி 160 கிலோபிட்டில் அனுப்பினால் நொடிக்கு 20 கிலோபைட், நாலு நிமிடப் பாட்டுக்கு 4.8 மெகாபைட். நம் இணைப்பின் வேகத்துக்கு இது கொசுறு. ஆகவே நாம் பாட்டைக் கேட்கும் வேகத்தைவிட வேகமாகச் செயலி இழுத்து முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்கிறது, முறைத் தண்ணீர் வரும்போது பண்ணைக் குட்டையை நிரப்பி வைப்பது போல. வயர் பிடுங்கிய பிறகும் பாட்டு கொஞ்ச நேரம் ஓடுவது இதனால்தான். “இப்பத்தானே பாடிட்டு இருந்துச்சு” என்கிற வாக்குமூலத்தை முழுசாக நம்ப முடியாததும் இதனால்தான்.

பதினொரு மணிக்கு யூனிட்டுக்குப் போனேன். கருப்புத் திரையைத் திறந்து பிங் கட்டளையை எடுத்தேன். ‘இருக்கிறாயா?’ என்று ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று பார்க்கும் கட்டளை அது. முதல் கேள்வி 127.0.0.1-க்கு, அதாவது கம்ப்யூட்டர் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது. பதில் வந்தது. அடுத்தது ரவுட்டர், அங்கே 192.168.1.1. பதில் வந்தது. பிறகு வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் சர்வர், 8.8.8.8. அதுவும் பேசியது. ஆக, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. கடைசியாக எண் இல்லாமல் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தேன். அதற்கும் பதில்.

பெயருக்கு வந்த பதில் சாதாரணமில்லை. இயந்திரங்களுக்குத் தெரிந்தது எண் முகவரி மட்டுமே. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ் ஏற்பாட்டை 1983-ல் வடிவமைத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். அதற்கு முன்பு எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன, ஒவ்வொரு நிலையமும் அதை நகலெடுத்து வைத்துக்கொண்டது. அந்தக் கோப்பின் வாரிசு ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் இன்றைக்கும் உங்கள் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது. கணினி ஊரைக் கேட்கும் முன் வீட்டுக்குள் அதைத்தான் பார்க்கும். விளம்பரம் வராமல் இருக்க யாரோ சொன்னார்கள் என்று சிலர் அதில் பாட்டுச் செயலியின் முகவரிகளை எழுதி 127.0.0.1-க்குத் திருப்பிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து, அந்த முகவரியையே செயலி உள்ளே நுழையவும் பயன்படுத்த ஆரம்பிக்கும். பாட்டும் போய்விடும், எழுதியதும் மறந்திருக்கும். மச்சினன் கோப்பில் அப்படி எதுவும் இல்லை. பழைய விபிஎன் விட்டுப்போன, இணைப்பை வேறு வழியில் திருப்பிவிடும் பிராக்ஸி அமைப்பும் இல்லை, ஃபயர்வாலும் செயலியைத் தடுத்திருக்கவில்லை.

அப்புறம் ஒரு தப்பான சந்தேகத்தில் அரை மணி நேரம் போக்கினேன். தப்பானாலும் சொல்லத் தகுந்தது.

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பைக்கும் காரும் சிரமமில்லாமல் ஏறிவிடும். நீளமான லாரிதான் ஏதோ ஒரு வளைவில் திரும்ப முடியாமல் நின்றுவிடும். இணையத்திலும் அப்படி வளைவுகள் உண்டு. ஈதர்நெட் வயரில் ஒரு பொட்டலம் 1,500 பைட் வரை போகலாம். பல ஃபைபர் இணைப்புகளில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைகிற பிபிபிஓஇ முறை இருக்கிறது. அது ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1,492. பெரிய பொட்டலம் வந்தால் ‘இது போகாது, சின்னதாக்கி அனுப்பு’ என்று வழியில் உள்ள ரவுட்டர் செய்தி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தியையே யாராவது தடுத்துவிட்டால், அனுப்பியவர் லாரியை அனுப்பிக்கொண்டே இருப்பார், ஒன்றும் வந்து சேராது. விண்டோஸின் பிங் வழக்கமாக 32 பைட்தான் சுமக்கும், அது பைக். அதனால் பிங் எல்லாம் பச்சை, ஆனால் செயலி தொங்கும். பொட்டலத்தை உடைக்கக் கூடாது என்று சொல்லி 1,464 பைட் அனுப்பிப் பார்த்தேன். பொட்டலத்தின் மேல் ஒட்டும் முகவரித் தலைப்பு 28 பைட் சேர்ந்து சரியாக 1,492. போய்த் திரும்பியது. போன் அதே வைஃபையில்தான் பாடுகிறது என்பதை ஆரம்பத்திலேயே யோசித்திருந்தால் இந்த அரை மணி நேரம் மிச்சம். வழியில் கோளாறு என்றால் போனும் அல்லவா நின்றிருக்கும்?

டீ வந்தது. குடித்துக்கொண்டே பிரவுசரைத் திறந்தேன். இரண்டே நொடியில் உண்மையைச் சொல்லிவிட்டது: உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது.

திரையின் வலது மூலையைப் பார்த்தேன். 01-01-2009.

சனிக்கிழமை சம்பளம் போட்டுவிட்டு, ஒயரிங் வேலைக்காக மச்சினன் மெயினையே அணைத்திருக்கிறான். மின்சாரம் இருக்கும் வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் மதர்போர்டின் கடிகாரத்துக்குச் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போகும். மெயின் போனால் அந்தப் பொறுப்பு ஒரு சின்ன நாணய பேட்டரிக்கு வரும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பஞ்சு ஒட்டிய தூசியை ஊதிவிட்டுப் பார்த்தால், சிஆர் 2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட் இருக்க வேண்டியது, மல்டிமீட்டரில் 1.1 காட்டியது. அதன் பக்கத்தில் நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். விசித்திரமான எண்ணாகத் தோன்றும். அதைப் பதினைந்து முறை பாதியாக்கிக்கொண்டே போனால் நொடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கும், அதற்காகவே அந்த எண். பேட்டரி செத்தால் படிகம் நின்றுவிடும், கடிகாரம் பிறந்த நாளுக்கே திரும்பிவிடும். காலையில் ஆன் செய்தபோது ஏதோ எழுதி எஃப்1 அழுத்தச் சொன்னதாம். அழுத்திவிட்டான். யார் படிக்கிறார்கள்!

தேதி தப்பினால் பாட்டு ஏன் நிற்க வேண்டும்? செயலி சர்வரோடு பேசும் முன் சர்வர் ஓர் அடையாளச் சான்றிதழ் நீட்டுகிறது. அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தைப் பார்த்து அதைச் சரிபார்க்கும். கடிகாரம் 2009 என்கிறது, சான்றிதழோ சில மாதங்களுக்கு முன் கொடுத்தது. இன்னும் பிறக்காத சான்றிதழைக் காட்டுகிறாயே, நீ போலி என்று கம்ப்யூட்டர் கதவைச் சாத்திவிடுகிறது. அதன் கணக்கில் அது செய்தது சரிதான். இந்தச் சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது. 2020 செப்டம்பரிலிருந்து அதிகபட்சம் 398 நாள், 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச்சில் 47 நாள். இனிமேல் கடிகாரம் சில மாதம் பிசகினாலே போதும், பல கதவுகள் மூடிக்கொள்ளும்.

போன் ஏன் தப்பித்தது? அது நேரத்தை டவரிலிருந்தே வாங்கிக்கொள்ளும். விண்டோஸும் இணையத்தில் நேரம் கேட்கத்தான் செய்யும், ஆனால் வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் சந்தேகப்பட்டுத் திருத்தாமல் விட்டுவிடும்.

பையனை அனுப்பி பேட்டரி வாங்கி மாட்டினோம். தேதியைத் திருத்தி, செயலியைத் திறந்ததும் உள்ளே விட்டது. ஓவர்லாக் சத்தத்துக்கு மேலே பாட்டு ஏறியது. செக்கிங் மேசையில் இருந்த அக்கா, “இப்பத்தானுங் கை ஓடுது” என்றார்.

மச்சினன் மட்டும் சிரிக்கவில்லை. காலையில் கொடுத்து அனுப்பிய மூன்று சலானின் நகலையும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றிலும் ஜிஎஸ்டி எண் பளிச்சென்று இருந்தது. தேதி மட்டும் 01-01-2009.

“ஜிஎஸ்டி எப்ப வந்துச்சுங் மாமா?”

“2017 ஜூலை மாப்ள.”

பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.