தோட்டாவில் தொடங்குங்கள்: போல்ட் ரைபிள் செய்யக் கொடுக்கும் முன்

தனக்கென்று ஒரு வேட்டை ரைபிள் செய்துகொள்ள நினைப்பவர் பெரும்பாலும் குழலில் தொடங்குவார். இல்லாவிட்டால் தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டையின் மரவரியில். துப்பாக்கி செய்து தரும் கன்ஸ்மித்தைப் பார்க்க வரும்போதே பாகங்களின் பட்டியல் தயாராக இருக்கும். எந்த விலங்குக்கு, எவ்வளவு தூரத்தில், எந்தக் குண்டு என்று கேட்டால் மட்டும் "எல்லாத்துக்கும்தான்" என்று பதில் வரும். சொல்லிச் செய்த ரைபிள்கள் லேத்தில் கெடுவது குறைவு. காகிதத்தில்தான் அதிகம் கெடுகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பாகமும் முதல் தரம். ஒன்றோடொன்று சேராது, அவ்வளவுதான்.

சட்ட விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுவோம். வேட்டை அனுமதிக்கப்பட்ட நாட்டில், உரிமத்தோடு, உரிமம் பெற்ற கன்ஸ்மித்திடம் செய்யும் வேலை இது. சட்டத்தின் பார்வையில் எந்தப் பாகம் "துப்பாக்கி" என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில், குழலும் போல்ட்டும் பொருந்தும் நடுக்கூடான ரிசீவர்தான் துப்பாக்கி. குழலை மற்ற உதிரிபாகம்போல வாங்கலாம். ஐரோப்பாவின் பல நாடுகளில் குழலும், பின்பக்கத்தை மூடித் திறக்கும் தண்டான போல்ட்டும்கூட உரிமத்தில் ஏற வேண்டியவை. துப்பாக்கிச் சோதனை விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான சி.ஐ.பி.-யின் உறுப்பு நாடுகளில் புதுக் குழல் மாட்டிய ரைபிள் அழுத்தச் சோதனையில் தேறி முத்திரை பெற வேண்டும். இங்கிலாந்தில் இந்த வேலையை லண்டன், பர்மிங்காம் சோதனைச்சாலைகள் செய்கின்றன. ஆர்டர் கொடுக்கும்போதே இந்தச் செலவும் நாட்களும் கணக்கில் வரட்டும்.

இனி தோட்டா. மற்ற எல்லா அளவும் இதிலிருந்துதான் பிறக்கிறது. .308 வின்செஸ்டர் தோட்டாவின் அதிகபட்ச மொத்த நீளம் 2.810 அங்குலம், 6.5 கிரீட்மோருக்கு 2.825. இரண்டும் (ரிசீவரும் போல்ட்டும் சேர்ந்த இயக்கப் பகுதியே ஆக்‌ஷன்) குட்டை ஆக்‌ஷனில் அடங்கும். .30-06, .270 வின்செஸ்டர், .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய மூன்றுக்கும் 3.340 அங்குலம் என்பதால் நீள ஆக்‌ஷன் வேண்டும். .375 எச் அண்ட் எச் 3.600 அங்குலம் வரை போகும். அதற்கு மேக்னம் நீளம். நீளம் பொருந்தினால் மட்டும் போதாது, தோட்டாவின் அடிவிளிம்பும் போல்ட்டின் முகத்தில் உட்கார வேண்டும். .308, .30-06, கிரீட்மோர் குடும்பத்துக்கு அந்த விட்டம் 0.473 அங்குலம், அடியில் பட்டை வைத்த, மருந்து அதிகம் கொண்ட மேக்னங்களுக்கு 0.532. "இப்போதைக்கு .30-06 போடுங்க, அப்புறம் .300 மேக்னத்துக்கு மாத்திக்கலாம்" என்பவர் குழலை மட்டுமல்ல, போல்ட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். தோட்டா ஏறும் பாதையும் திரும்பச் சரிசெய்யப்பட வேண்டும். சொல்லும்போது மட்டும்தான் அது சின்ன மாற்றம்.

உதையைப் பற்றி ஒரு கணக்கு. ஏழரை பவுண்டு எடையுள்ள ரைபிளில் .308 கொடுக்கும் பின்னுதைப்பு ஆற்றலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கை அதே எடையில் .300 வின்செஸ்டர் மேக்னம் கொடுக்கும். மலை ஏறத் தோதாக எடையைக் குறைக்கச் சொல்பவரும் மேக்னம் கேட்பவரும் பல நேரம் ஒரே ஆள். விளைவு, சுடுவதற்கு முன்பே கண்ணை மூடும் பழக்கம். முந்நூறு மீட்டருக்குள் மான் வகைகளை வேட்டையாடுபவருக்கு 6.5 கிரீட்மோரோ 7 மி.மீ.-08 ரெமிங்டனோ தாராளம். மேக்னம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முதல் ரைபிளாக வேண்டாம்.

தொழிற்சாலைகள் செய்து விற்காத, பெயரே கேள்விப்படாத வைல்ட்கேட் தோட்டாக்கள் மேல் சிலருக்கு ஆசை வரும். பித்தளைக் கூட்டை நீங்களே உருமாற்றி, மருந்து நிறுத்து, தோட்டா தயாரிக்க வேண்டும். பயணத்தில் தோட்டாப் பெட்டி தொலைந்தால் வேட்டை அத்தோடு சரி.

தோட்டாவைத் தீர்மானித்த பிறகு குண்டு, அதாவது தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் பகுதி. இன்று அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம். குழலின் உள்ளே ஓடும் வரிப்பள்ளங்கள் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன என்பதே முறுக்கு. பத்து அங்குலத்துக்கு ஒன்று என்றால் ஒன்றுக்குப் பத்து. குண்டு நீளமாக ஆக, முறுக்கு வேகமாக இருக்க வேண்டும். கவனியுங்கள், எடை அல்ல, நீளம். ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 8.96. ஒரே குறுக்களவு, ஒரே எடை என்றாலும் முழுச் செம்புக் குண்டு ஈயக் குண்டைவிட நீளமாகத்தான் வரும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டு கட்டாயம். வேறு இடங்களிலும் கட்டுப்பாடுகள் கூடிவருகின்றன. பழைய வழக்கப்படி .308-க்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு முறுக்கு வாங்கியவர், நாளை கனமான செம்புக் குண்டுக்கு மாறினால் குண்டு தள்ளாடும். இலக்குத் தாளில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துவாரம் மாதிரி நீளத் துளை விழுந்தால் அதுதான் அடையாளம். .270-க்கு வழக்கமான ஒன்றுக்குப் பத்தும் நவீன நீளக் குண்டுகளுக்குப் போதாமல் போகலாம். 6.5 கிரீட்மோர் பிறக்கும்போதே ஒன்றுக்கு எட்டு. குண்டு தயாரிப்பவர்கள் தேவையான குறைந்தபட்ச முறுக்கைப் பெரும்பாலும் பெட்டியிலேயே அச்சிடுகிறார்கள். குழல் வாங்கும் முன் அந்தப் பெட்டியைப் பாருங்கள்.

குழலில் மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். 416 வகை துருவேறா எஃகோ குரோம்-மாலி எஃகோ, வெட்டி எடுத்த பள்ளமோ பொத்தானை இழுத்துப் பதித்த பள்ளமோ, நல்ல பட்டறையிலிருந்து வந்தால் வேட்டைக்காரருக்கு வித்தியாசம் தெரியாது. நீளம் 22 அங்குலம் சாதாரணத் தோட்டாவுக்கு, 24 மேக்னத்துக்கு. ஓர் அங்குலம் குறைத்தால் நொடிக்குச் சுமார் இருபது முதல் முப்பது அடி வேகம் போகும். பென்சில்போல ஒல்லியான குழல் மூன்றாவது நான்காவது குண்டிலேயே சூடேறி இடம் மாறலாம். வேட்டையில் மூன்றாவது குண்டுக்கே அபூர்வமாகத்தான் வேலை என்பதால் அதைப் பெரிய குறையாக எண்ண வேண்டாம். வாயில் மஸில் பிரேக் (வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் துளையிட்ட முனை) வைத்தால் உதை குறையும். ஆனால் ரைபிள் ஓசை ஏற்கெனவே 160 டெசிபெல்லைத் தொடுவது, பிரேக் அதைச் சுடுபவர் காதுக்கும் பக்கத்தில் நிற்கும் வழிகாட்டியின் காதுக்கும் திருப்பிவிடும். வாயில் மரை மட்டும் போட்டு மூடி மாட்டி வைத்தால் பின்னால் முடிவெடுக்கலாம்.

ஆக்‌ஷன் விஷயத்தில் இரண்டு பரம்பரை. 1898 மவுசரில் தொடங்கி, 1936-ல் வந்த வின்செஸ்டர் மாடல் 70 வழியாக நீளும் ஒன்றில், பெரிய கொக்கி தோட்டாவை மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கும் அறை) எழும்பும்போதே பிடித்துக்கொள்ளும். 1962-ல் வந்த ரெமிங்டன் 700 போன்றவற்றில் போல்ட் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் சேர்ந்த பிறகுதான் கொக்கி மாட்டும். ஆபத்தான விலங்குகளை வேட்டையாடுபவர்கள் முதல் வகையை விடமாட்டார்கள். பதற்றத்தில் போல்ட்டை அரைகுறையாக இழுத்துத் திரும்பத் தள்ளினாலும் இரண்டு தோட்டா முட்டிக்கொள்ளாது. மானுக்கு எதுவானாலும் சரி. ரெமிங்டன் 700 வடிவத்தைப் பின்பற்றும் ஆக்‌ஷன்கள் பல இருப்பதால் அதற்குக் கட்டையும் ட்ரிகரும் மேகசினும் எளிதில் கிடைக்கும். முதன்முறை செய்பவருக்கு இந்த ஒரே காரணம் போதும்.

தாத்தா காலத்து ராணுவ ரைபிளின் ரிசீவரைக் கொண்டுவந்து "இதுல புதுக் குழல் போட்டுடுங்க" என்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1893, 1895 மாதிரி மவுசர்கள் குறைந்த அழுத்தத்துக்குச் செய்தவை; .308 போன்ற நவீன தோட்டாவை அவை தாங்கும் என்று நம்பக் கூடாது. அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டில் 800,000-க்குக் கீழ் வரிசை எண் உள்ளவையும், ராக் ஐலண்டில் செய்த 285,507-க்குக் கீழ் உள்ளவையும் சூடேற்றிப் பதப்படுத்தியதில் பிசகி நொறுங்கும் தன்மை உடையவையாக இருக்கலாம். பளபளவென்று இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அவற்றைச் சுவரில் மாட்டி அழகு பாருங்கள்.

குழலை ரிசீவரில் பூட்டி, சேம்பரை ரீமரால் குடைந்து, ஹெட்ஸ்பேஸ் பார்ப்பது முழுக்க கன்ஸ்மித்தின் வேலை. இருந்தாலும் அது என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரமே ஹெட்ஸ்பேஸ். .308-க்கு 'கோ' அளவி 1.630 அங்குலம்; போல்ட் அதன்மேல் மூட வேண்டும். 'நோ-கோ' 1.634, அதன்மேல் மூடக் கூடாது. நடுவே இருப்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு, பத்தில் ஒரு மில்லிமீட்டர். இடைவெளி கூடினால் ஒவ்வொரு வெடிப்பிலும் பித்தளைக் கூடு நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே மெலிந்து, ஒருநாள் அங்கேயே பிய்ந்து சூடான வாயு முகத்துப் பக்கம் பீறிடும். ஒரே மாதிரி ரைபிள்தானே என்று நண்பருடைய போல்ட்டை மாட்டிச் சுடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். தோட்டாவின் பெயரைக் குழலில் பொறிக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். அழகு கெடும் என்று அதை விட்ட குழல், அடுத்த தலைமுறையின் கையில் வெடிகுண்டுக்குச் சமம்.

கன்ஸ்மித்திடம் போகும்போது, நீங்கள் சுடப்போகும் குண்டு பதித்த, மருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் இல்லாத இரண்டு டம்மி தோட்டாக்களைத் தந்துவிட்டு வாருங்கள். சேம்பருக்கு முன்னால் குண்டு வரிப்பள்ளத்தைத் தொடும் தொண்டைப் பகுதி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், தோட்டா மேகசினில் அடங்குமா என்ற இரண்டு கேள்விக்கும் அவை கையிலேயே பதில் சொல்லும். இது இல்லாமல் செய்த ரைபிளில், துல்லியமாகச் சுடும் தோட்டா மேகசினுக்குள் போகாது. மேகசினுக்குள் போகும் தோட்டா துல்லியமாகச் சுடாது.

கட்டைக்கு வருவோம். வால்நட் அழகுதான், ஆனால் கை பிடிக்கும் ஒல்லியான இடத்தில் மரவரி அந்த வளைவோடு நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒரே வழுக்கலில் முறியும். வெளியே எத்தனை பூச்சு பூசினாலும், ரிசீவர் உட்காரும் குடைவும் ரப்பர் அட்டைக்கு அடியில் உள்ள முனையும் பூசாமல் விட்டால் மழைக்காலத்தில் ஈரம் ஏறிக் குழலைத் தள்ளும். கோடையில் சரியாக இருந்த ரைபிள் மழைக்காலத்தில் இரண்டங்குலம் விலகிச் சுடுவது இப்படித்தான். ஃபைபர்கிளாஸ், கார்பன் கட்டைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் பெட்டிங் வேண்டும்: ரிசீவரும் அதன் உதை தாங்கும் காதும் அசையாமல் பொருந்த எபாக்ஸி ஊற்றி வார்ப்பது. கூடவே திருகுகள் கட்டையை நசுக்காமலிருக்க அலுமினியத் தூண்கள். தூண் வைத்த கட்டையில் திருகு முறுக்கம் பொதுவாக 65 அங்குல-பவுண்டு. தூணில்லாத மரத்தில் அதே அளவு முறுக்கினால் மரம் நசுங்கும்.

ட்ரிகர் முதல் கட்டையின் முனை வரையிலான நீளம் வழக்கமாகப் பதின்மூன்றரை அங்குலம். குளிர்கால உடையோடு வேட்டையாடுபவர் அந்த உடையைப் போட்டுக்கொண்டே அளவு கொடுக்க வேண்டும். அரை அங்குலம் குறைக்க வேண்டியிருக்கும். பொருத்தம் பார்க்க ஒரு வழி உண்டு. ரைபிள் காலியாக இருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடித் தோளில் ஏற்றி, கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிந்தால் கட்டை உங்களுடையது. ஓரத்தில் கருநிழல் தெரிந்து கழுத்தை நீட்டினால், கன்னமேடோ ஸ்கோப்பின் இடமோ தப்பு. 50 மி.மீ. முன்கண்ணாடி கேட்டால் வளையம் உயரும். கன்னம் கட்டையை விட்டு எழும்பும். பெரும்பாலோருக்கு 40 அல்லது 42 போதும். வளையத் திருகுகள் 15 முதல் 18 அங்குல-பவுண்டு, முறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து. கை ஊகத்தில் முறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும்.

ட்ரிகர் இரண்டரை முதல் மூன்றரை பவுண்டு. இலக்குப் பந்தயத்தின் எட்டு அவுன்ஸ் ட்ரிகரைக் கையுறை போட்ட விரலுக்குக் கொடுப்பது விபத்துக்கு வழி.

"ஒரு எம்.ஓ.ஏ. உத்தரவாதம்" என்று எழுதிக் கொடுத்தால், எந்தத் தோட்டாவில், எத்தனை குண்டில் என்று கேளுங்கள். எம்.ஓ.ஏ. என்பது குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று சொல்லும் கோண அளவு; ஒரு எம்.ஓ.ஏ. நூறு மீட்டரில் 29 மில்லிமீட்டர். மூன்று குண்டு நெருங்கி விழுவது அதிர்ஷ்டத்தாலும் நடக்கும்; ஐந்து குண்டுத் தொகுப்பு இரண்டு மூன்று காட்டச் சொல்லுங்கள். வேட்டைக்காரர் அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது ஆறிய குழலின் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதைத்தான். வெவ்வேறு நாளில் ஒன்றொன்றாக ஒரே தாளில் சுட்டால் தெரியும்.

பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: தோட்டா, குண்டின் பெயரும் எடையும், முறுக்கு, குழல் நீளம், ஸ்கோப்போடு சேர்ந்த மொத்த எடை, கட்டை நீளம், ட்ரிகர் எடை, முன்பணம், பாதியில் நிறுத்தினால் எந்தப் பாகம் யாருக்கு. நல்ல குழலுக்கும் கட்டைக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அடுத்த பருவத்துக்கு வேண்டும் என்றால் இந்தப் பருவம் முடியும்போதே சொல்லுங்கள்.

ரைபிள் கைக்கு வந்ததும் சேம்பரும் மேகசினும் காலி என்று பாருங்கள். ஒரு தாளை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து, நுனியிலிருந்து ரிசீவர் வரை இழுங்கள். எங்கும் சிக்கக் கூடாது. டம்மி தோட்டாக்களால் மேகசினை நிரப்பி, மெதுவாக ஒரு தரம், வேகமாக ஒரு தரம் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குங்கள். கடைசித் தோட்டாவைத்தான் கவனிக்க வேண்டும், சிக்குவது பெரும்பாலும் அதுதான். போல்ட் கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்கிறதா, பாதுகாப்பு விசையைக் கையுறையோடு நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். முதல் இருபது குண்டு சுட்ட பிறகு எல்லாத் திருகுகளையும் டார்க் ரென்ச்சால் மறுபடி சரிபார்த்து, குறியைத் திரும்ப அமையுங்கள்.